செருப்பைக் கழற்றிவிட்டு ஓடலாமா?

அக்கா மகன் போலீஸ் வேலைக்குத் தயாராகிறான். எழுத்துத் தேர்வைத் தாண்டினால் ஆண்களுக்கு 1500 மீட்டர் ஓட்டம் இருக்கிறது, 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். காவேரிப்பட்டணத்தில் தினமும் விடியற்காலை பள்ளி மைதானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறான். போன மாதம் கிருஷ்ணகிரிக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டான்: "மாமா, கூட ஓடற பசங்க பாதிப் பேரு வெறுங்கால்லதான் ஓடறாங்க. யூடியூப்ல ஒருத்தர் ஷூவே கெடுதல்ங்கறார். நான் ஷூ வாங்கட்டுமா, வேணாமா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. வெறுங்கால் ஓட்டத்தை நம்பி இடது பாதத்தில் எலும்பு விரிசல் வாங்கிக்கொண்டவன் நான். அப்படியும் அதை முழுதாக விடாதவன். இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் என்பதால் நியாயமாகச் சொல்வேன் என்று நினைத்திருப்பான். அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துவிடலாம். ஒரு முனையில் வெறுங்கால். மறு முனையில் கடைகளில் 'ரன்னிங் ஷூ' என்று கொடுக்கும் பஞ்சு ஷூ. இதில் குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட 10, 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். நடுவில் வருவது மினிமலிஸ்ட் ஷூ. அதன் அடி மெல்லிசு. குதிகாலும் முன்பாதமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். விரல்கள் விரிய இடம் இருக்கும். கையில் எடுத்து ஈரத்துண்டைப் பிழிவது போல முறுக்கினால் வளைந்துகொடுக்கும். பஞ்சு ஷூவை அப்படி முறுக்க முடியாது.

இந்த நடுவகைக்குள் நம் ஊர்ச் சரக்கு இரண்டு உண்டு, யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்று, பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கேன்வாஸ் ஷூ. மெல்லிய ரப்பர் அடி, குதிகால் உயரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் குணங்களில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. குறை என்னவென்றால் முன்பக்கம் குறுகல், சுண்டுவிரல் நசுங்கும். இன்னொன்று டயர் செருப்பு. மெக்சிகோவின் மலைப்பகுதியில் வாழும் தாராஉமாரா மக்கள் பழைய டயரை வெட்டி, தோல்வார் கட்டி, அதைப் போட்டுக்கொண்டு மலையெல்லாம் ஓடுகிறார்கள். அதைப் பார்த்து மேல்நாட்டில் அதே மாதிரி சாண்டல் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். மாட்டு வண்டி ஓட்டிய என் தாத்தா சந்தையில் வாங்கியதும் கிட்டத்தட்ட அதுவேதான். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஓடவில்லை, அது வேறு விஷயம்.

சரி, வெறுங்காலில் என்ன லாபம்? இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட மொட்டை மாடிக்குப் போய்ப் பார்ப்பது எளிது. ஷூ போட்டு இருபது அடி ஓடுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குதிகால்தான் முதலில் தரையில் விழும். ஷூவைக் கழற்றிவிட்டு அதே இருபது அடியை ஓடுங்கள். குதிகால் சிமெண்டில் 'டொக்' என்று மோதும்போது மண்டை வரை தெரியும். நாலாவது ஐந்தாவது அடியிலேயே உடம்பு தானாக மாற்றிக்கொள்ளப் பார்க்கும். எட்டி வைக்கும் அடி சிறிதாகும், முன்பாதம் முதலில் இறங்கும், முட்டி லேசாக மடங்கியிருக்கும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான். பழக்கமாக வெறுங்காலில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள். குதிகாலில் இறங்கும்போது வரும் அந்தத் திடீர் அடி அவர்களுக்கு இல்லை.

இந்த ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க வெறுங்கால் ஓட்டம் ஒரு மதம் மாதிரி பரவியது. ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திடீர் அடி இல்லை என்றார்களே தவிர, காயமே வராது என்று அந்த ஆய்வில் சொல்லவில்லை. குதிகால் வாங்காத சுமை காற்றில் கரைந்துவிடாது. அது கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி தெரியும் அக்கிலிஸ் தசைநாணுக்கும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகளுக்கும் போகிறது. கடன் தீரவில்லை, வேறு பேரேட்டில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். முட்டிக்குச் சுமை குறையும் என்பது உண்மை. கெண்டைக்காலுக்குக் கூடும் என்பதும் அதே அளவு உண்மை.

அதனால் 'எது நல்லது' என்று கேட்பதற்கு முன், உங்கள் உடம்பில் எந்த உறுப்பு கடன் தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஓடினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிற ஆளுக்கு மெல்லிய அடி உள்ள ஷூ உதவலாம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் சுரீர் என்று குத்துகிறவருக்கோ, கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்கிறவருக்கோ அதே ஷூ வினையாகும்.

இன்னொரு விஷயம். வெறுங்காலில் ஓடினால் எல்லோரும் தானாகவே முன்பாதத்தில் இறங்கிவிடுவார்கள் என்பதும் அப்படியே சரியில்லை. வட கென்யாவில் டாசனாக் என்ற மக்கள் வெறுங்காலிலேயே வளர்ந்தவர்கள். 2013இல் வெளியான ஆய்வில், அவர்கள் தங்களுக்கு வசதியான நிதான வேகத்தில் ஓடியபோது 72 சதவீத முறை குதிகாலில்தான் இறங்கினார்கள். வேகம் கூடியபோதுதான் மாறியது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வெறுங்காலில் ஓடியும் நான் குதிகாலில் இறங்குகிறேனே என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கால் பேச்சு வந்தால் அபேபே பிக்கிலா பெயர் வராமல் இருக்காது. எத்தியோப்பியர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார், நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி, அன்றைய உலகச் சாதனை. இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 1964 டோக்கியோவில் அதே பிக்கிலா மறுபடியும் தங்கம் வாங்கினார், 2 மணி 12 நிமிடத்தில். அப்போது காலில் ஷூ இருந்தது. 2019இல் வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது போட்டிருந்தது கார்பன் தகடு வைத்த தடிமனான ஷூ. சின்ன வயதில் செருப்பில்லாமல் ஓடியவர்கள் நிறைந்த நாடுகளில் இருந்துதான் இந்த வீரர்கள் வருகிறார்கள். போட்டி என்று வந்தால் அவர்கள் ஷூவைத்தான் எடுக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கும் இருக்கிறது. ஷூவில் காலுக்கு 100 கிராம் எடை கூடினால், ஓட உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். அப்படியானால் எடையே இல்லாத வெறுங்கால்தானே ஜெயிக்க வேண்டும்? 2012இல் அமெரிக்காவில் வெறுங்காலிலும் எடை குறைந்த ஷூவிலும் ஓடவிட்டு அளந்து பார்த்தார்கள். வெறுங்காலுக்கு எந்த லாபமும் கிடைக்கவில்லை. வெறுங்காலில் அதே எடையைக் கட்டிவிட்டு ஒப்பிட்டபோது ஷூ 3, 4 சதவீதம் சிக்கனமாக இருந்தது. பஞ்சு செய்கிற வேலையை வெறுங்காலில் தசை செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குக் கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும். 7 நிமிடக் கணக்கில் ஓடுகிற மருமகனுக்கு இது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். காலை நடைக்கு நடுவே நாலு சுற்று ஓடுகிற எனக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இனி என் கதை. ஒரு கார்த்திகையில் மாலை போட்டிருந்தேன். மண்டலம் முழுக்கச் செருப்பில்லாமல் நடந்து, அலுவலகமும் கடைத்தெருவும் போய்வந்ததில் உள்ளங்கால் நன்றாகக் காய்த்துப்போயிருந்தது. தை பிறந்து மாலையைக் கழற்றியதும், இந்தக் காய்ப்பை ஏன் வீணாக்க வேண்டும் என்று தோன்றியது. ஏற்கெனவே ஷூவில் வாரம் 25 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் நான். கே.ஆர்.பி. டேம் பக்கத்து ரோட்டில் முதல் நாளே வெறுங்காலில் 5 கிலோமீட்டர். பறந்த மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை. காலடிச் சத்தமே கேட்கவில்லை. மறுநாள் காலை மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது, இரண்டு கெண்டைக்காலும் கல் மாதிரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழகினால் சரியாகிவிடும் என்று தொடர்ந்தேன். கெண்டைக்கால் உண்மையிலேயே பழகிவிட்டது, அதுதான் என்னை ஏமாற்றியது. ஐந்தாவது வாரம் இடது பாதத்தின் மேற்புறம், இரண்டாவது விரலுக்கு நேர் மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் வலி. விரலால் அழுத்தினால் உயிர் போகும், மற்றபடி நடக்க முடியும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்த இன்னொரு எக்ஸ்ரேயில் எலும்பைச் சுற்றிப் புதுசாக வெள்ளையாகத் திரண்டிருந்தது. ஸ்ட்ரெஸ் பிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, ஆற ஆரம்பித்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு வாரம் ஓட்டம் கிடையாது.

தோல் ஒரு மண்டலத்தில் காய்த்துவிடும். தசை சில மாதத்தில் தேறும். எலும்பும் தசைநாணும் அதைவிட மெதுவாகத்தான் தேறும். தோல் காய்த்ததைப் பார்த்து எலும்பும் தயார் என்று நான் நினைத்தேன். இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஆறுதலா, வேதனையா தெரியவில்லை. 2013இல் அமெரிக்காவில் 36 ஓட்டக்காரர்களை 10 வாரம் பார்த்தார்கள். விரல் விரலாகப் பிரிந்த மினிமலிஸ்ட் ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் கால் எலும்புக்குள் நீர் கோத்த அறிகுறி கூடியிருந்தது. எல்லோரும் அனுபவசாலிகள், படிப்படியாகத்தான் மாறினார்கள், அப்படியும். அந்த விரல் ஷூவைச் செய்யும் விப்ரம் நிறுவனம், பாதத் தசை வலுவாகும், காயம் குறையும் என்று விளம்பரம் செய்ததற்காக ஒரு வழக்கைச் சந்தித்து, தவறை ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதற்காகப் பஞ்சு ஷூக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து, அதற்கேற்ற ரக ஷூ என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா ஒரே ரகம் கொடுத்தவர்களைவிடக் காயம் குறையவில்லை. கடையில் நம் காலைப் பார்த்துவிட்டு "சார், உங்களுக்கு இந்த மாடல்தான் செட் ஆகும்" என்கிற பையனிடம் நான் இப்போது வாக்குவாதம் செய்வதில்லை. போட்டுப் பார்த்து எது சுகமாக இருக்கிறதோ அதை எடுக்கிறேன்.

"நாமெல்லாம் செருப்பில்லாம வளர்ந்தவங்கதானே, நமக்கென்ன?" இந்த வாதத்தை டீக்கடையில் அடிக்கடி கேட்கிறேன். இதில் உண்மையும் இருக்கிறது. கர்நாடகத்தில் 2300 பிள்ளைகளின் பாதத்தை மருத்துவர்கள் பார்த்து 1992இல் எழுதினார்கள். ஷூ, செருப்பு போட்டு வளர்ந்தவர்களில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். குழந்தைகள் வீட்டிலும் வாசலிலும் வெறுங்காலில் ஓடி விளையாடட்டும் என்று சொல்ல எனக்கு இது போதும். ஆனால் நாற்பது தாண்டிய நமக்கு? ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு ஓடிய கால் வேறு, இருபத்தைந்து வருடமாக பைக் கியர் போட்ட கால் வேறு. எடையும் இருபது கிலோ கூடியிருக்கிறது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரை வெறுங்காலில் நடந்துவிட்டு மூன்று நாள் கொப்புளத்தோடு விந்தி நடக்கிறவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்.

இப்போது நம் தரைக்கு வருவோம். வெளிநாட்டுக் கட்டுரைகளில் பூங்காவும் கடற்கரை மணலும்தான் வரும். நமக்கு இருப்பது கிரானைட் சீமை. குவாரி லாரி போகும் ரோட்டோரத்தில் எப்போதும் ஜல்லிச் சில்லு கிடக்கும், கருங்கல் சில்லு மாதிரி கூர்மை வேறெதற்கும் இல்லை. கால்வாய்க் கரை பார்க்க அழகு, ஆனால் அங்கே சாயங்காலம் உட்கார்ந்து போனவர்களின் குவார்ட்டர் பாட்டில் உடைந்து கிடக்கும். பள்ளி மைதானத்துச் செம்மண் நன்றாக இருக்கும். மழை முடிந்த ஒரு மாதத்தில் ஓரமெல்லாம் நெருஞ்சி படர்ந்துவிடும். மஞ்சள் பூ தெரிந்தால் அந்தப் பக்கம் வெறுங்காலோடு போகவே கூடாது. சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்கே தார் ரோடு தோசைக்கல். ஓசூர்க்காரர்கள் இதில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள், அங்கே வெயில் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கும். விடியற்காலை இருட்டில் கட்டுவிரியன் பயம் வேறு. மெல்லிய ஷூ அதற்குப் பெரிய கவசம் இல்லை என்றாலும் வெறுங்காலைவிட மேல். மாந்தோப்புப் பக்கத்து மண்பாதையில், வெளிக்குப் போகிற இடங்களில் கொக்கிப்புழு தோல் வழியாகவே உள்ளே போகும். வெறுங்காலில் ஓடுகிறவர் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

இதில் எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒன்று: வெறுங்காலில் பழக ஆரம்பிக்கிறவருக்குப் புல்தரையைவிட சுத்தமான, வழவழப்பான சிமெண்ட் ரோடுதான் நல்லது. புல்லில் கால் எப்படி விழுந்தாலும் வலிக்காது, தப்பு தெரியாது. முள்ளும் கண்ணுக்குத் தெரியாது. சிமெண்ட் உடனே திட்டிவிடும். புதுசாகப் போட்ட காங்கிரீட் தெரு ஒன்று பக்கத்தில் இருந்தால் காலை ஆறு மணிக்கு அதுவே போதும்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. நான் வெறுங்காலில் ஓடுவதைப் பார்த்து அவருக்கும் ஆசை. "அண்ணா, உங்களுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்" என்று நேராகச் சொல்லிவிட்டேன். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு ஆணி குத்தினாலும் தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சாக்ஸில் ரத்தம் பார்த்துத்தான் தெரியும். அவருக்கு மினிமலிஸ்ட் ஷூவும் வேண்டாம், நல்ல அடி உள்ள, உள்ளே தையல் உறுத்தாத ஷூதான். இதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை.

மருமகனுக்கு வருவோம். வயது இருபத்தொன்று, எடை 62, காலில் பழைய அடி எதுவும் இல்லை, கையில் நாலு மாதம். இந்த நாலு மாதத்தில் ஓடும் முறையையே மாற்றுவது சூதாட்டம். என் மாதிரி ஐந்தாவது வாரத்தில் எலும்பு விரிசல் விட்டால் தேர்வே போய்விடும். அவன் வாங்க வேண்டியது எடை குறைந்த, சுமாரான அடி உள்ள, விரலை நெரிக்காத ஒரு சாதாரண ஷூ. கேன்வாஸில் ஏற்கெனவே ஓடிப் பழகியவனாக இருந்திருந்தால் அதையே தொடரச் சொல்லியிருப்பேன். கூட ஓடும் பையன்கள் சின்ன வயதிலிருந்து அப்படியே ஓடுகிறவர்கள், அவர்களை ஷூ போடச் சொல்வதும் அதே தப்புதான். அவனோ ப்ளஸ் டூ வரை பஸ்ஸில் போய்வந்தவன்.

வெறுங்கால் ஓட்டத்தின் லாபத்தில் ஒரு பகுதியை ஷூவைக் கழற்றாமலே எடுக்கலாம் என்பதையும் அவனிடம் சொன்னேன். எட்டி வைக்கும் அடியைக் கொஞ்சம் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டிக்கும் இடுப்புக்கும் போகும் சுமை குறைகிறது. போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, வலது கால் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்கச் சொன்னேன். 156 வந்தது. 165 ஆக்கப் பார்க்கிறான்.

பாதம் வலுவாக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் ஓடவே வேண்டியதில்லை. மினிமலிஸ்ட் ஷூ போட்டு வெறுமனே நடந்தாலே எட்டு வாரத்தில் பாதத் தசை பெருக்கிறது, தனியாகப் பாதப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சமமாக. 2019இல் வெளியான இந்த ஆய்வைச் செய்த குழுவை வழிநடத்தியவர், முன்பு எலும்பில் நீர் கோப்பதைக் கண்டுபிடித்த அதே ஆய்வாளர். மினிமலிஸ்ட் ஷூவை இப்போது யாராவது என்னிடம் கேட்டால், மார்க்கெட்டுக்கும் அலுவலகத்துக்கும் போட்டுக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் 4,200 ரூபாய் கொடுத்து வாங்கியது இப்படித்தான் உழைக்கிறது, காய்கறிப் பையோடு.

ஓடத்தான் வேண்டும் என்கிறவருக்கு நான் இரண்டாம் தடவை செய்த முறை இது. ஒரு மாதம் வீட்டிலும் தெருவிலும் வெறுங்காலில் நடை மட்டும். அப்புறம் வழக்கமான ஷூ ஓட்டம் முடிந்ததும் கடைசியில் 300 மீட்டர் வெறுங்கால், வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் கட்டாயம் ஒரு நாள் இடைவெளி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 மீட்டர் கூட்டினேன். கெண்டைக்கால் வலித்தால் அதே தூரம். பாதத்தின் மேற்புறம் வலித்தால் அன்றைக்கே நிறுத்தம், அதில் விவாதம் கிடையாது. 2 கிலோமீட்டருக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதற்கு மேல் போகவில்லை, போகத் தோன்றவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஷூ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்தில் எட்டு சுற்று வெறுங்கால்.

முடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, உள்ளங்காலை போன் டார்ச்சில் பார்ப்பேன். நெருஞ்சி முள் ஒன்றாவது இருக்கும். அம்மா தாலிக்கயிற்றில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றி, ஒன்றும் பேசாமல் நீட்டுவாள்.